எட்டாவது வரி

தகுதியில்லை என்று எழுதிய ஒரு தாளை வாங்குவதற்காகக் குற்றாலிங்கம் காலை எட்டரை மணியிலிருந்து பெரிய ஆஸ்பத்திரியில் மருத்துவக் குழு அறைக்கு வெளியே கிடந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மனிதர்கள் பொதுவாகத் தகுதி உண்டு என்று எழுதிய தாளுக்காகத்தான் வரிசையில் நிற்பார்கள். அவரும் அப்படித்தான் நின்றிருக்கிறார், பள்ளியிறுதித் தேர்வு, கனரக வாகன உரிமம், போக்குவரத்துக் கழகத்து நேர்காணல், அப்புறம் வருஷந்தோறும் கண் பரிசோதனை என்று. இப்போது எல்லாம் தலைகீழ். இருபத்து நான்கு வருஷம் அரசுப் பேருந்து ஓட்டிய இந்த மனிதரால் இனிமேல் ஓட்ட முடியாது என்று உள்ளே இருக்கிற மூன்று டாக்டர்களும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை கிடைக்கும். போடாவிட்டால் இரண்டு வழிதான்: நாளைக்கே போய் வண்டியை எடுக்க வேண்டும், அல்லது வேலை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டும். வண்டியை எடுப்பது நடக்காத காரியம். நடந்தால் ரோட்டில் நடக்கிறவர்களுக்கு ஆபத்து. விஷயம் இவ்வளவு சுலபமாக இருக்கும்போது அவர் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டால், பயம் கண்ணைப் பற்றி அல்ல. கண் தன் வேலையைச் சரியாகச் செய்துவிடும், அதாவது செய்யாமல் இருந்துவிடும். பயமெல்லாம் வாயைப் பற்றி. காலையில் தேங்காய்ச் சட்னியோடு நாலு இட்லி உள்ளே தள்ளி, ஒரு காப்பியும் குடித்து, அப்பாவியைப் போல மூடிக்கிடக்கிற இந்த வாய் உள்ளே போனதும் என்ன செய்யும் என்று அவருக்கே நிச்சயமில்லை.

பக்கத்தில் உலகம்மாள் இருந்தாள், மடியில் பை, பைக்குள் கோப்பு, கோப்புக்குள் அவருடைய கண்ணின் படம். கண்ணில் என்ன கோளாறு என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் அவள்தான் பதில் சொல்வாள்: விழித்திரையில் நட்ட நடுவுல தேஞ்சுபோச்சாம், சுத்தி எல்லாம் நல்லாத்தான் இருக்காம். நல்லாத்தான் இருந்தது. தோசையில் நடு மட்டும் கருகி ஓரமெல்லாம் முறுகலாக இருக்குமே, அந்த மாதிரி. உலகத்தின் ஓரங்கள் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்தன. மேலே டக் டக்கென்று ஒவ்வொரு சுற்றுக்கும் முனகுகிற மின்விசிறியின் இறக்கை நுனி, தரையில் பினாயில் ஈரம் காய்ந்த வளையம், யாரோ ஒருவரின் செருப்பில் அறுந்து ஊக்கு மாட்டிய வார். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அது காணாமல் போய்விடும். ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் அதைப் பார்க்காமல் இருக்க வேண்டும். இதையே ஒரு மடாதிபதி சொல்லியிருந்தால் தத்துவம் என்று பெயர் வைத்து ஆண்டுதோறும் விழா எடுப்பார்கள். பஸ் டிரைவர் சொன்னால் மருத்துவ விடுப்பு. மனிதர்களின் முகத்தைப் பார்க்க அவர் இப்போதெல்லாம் காதைப் பார்க்கிறார். காதைப் பார்த்தால் கண்ணும் மூக்கும் ஒரு ஓரமாக வந்து நிற்கும். இந்த ஏற்பாட்டை அவர் வீட்டில் சொல்லாமல் ஒரு மாதம் ஓட்டினார், அதற்குள் உலகம்மாளே கண்டுபிடித்துவிட்டாள். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்துல என் காதுல என்ன கிடக்குன்னு ஒரு நாளும் பாத்ததில்லை, இப்ப பேசும்போதெல்லாம் காதையே பாக்கிய, தோடு கீடு வாங்கிப் போடணும்னு மனசுல இருக்கான்னு கேட்டாள். அவருக்கு அன்றைக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வெட்கமும் வந்தது. தோடு ஒன்றும் வாங்கவில்லை. ஆனால் அந்தக் காது இப்போது அவருக்கு நன்றாகத் தெரியும், மடல் ஓரத்தில் ஒரு சின்ன மச்சம்கூட இருக்கிறது, அது அங்கே எத்தனை காலமாக இருக்கிறதோ. நேராகப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் தவறவிட்டவை எவ்வளவு இருக்கும் என்று ஒரு கணக்குப் போடத் தொடங்கி, அது எங்கும் போய் நிற்காது என்று தோன்றவே விட்டுவிட்டார். எக்ஸ்ரே எங்க எடுக்காவ என்று ஒரு ஆள் கேட்க, அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஊழியர் வருவேல் தலையைத் தூக்காமலே, நேரே போயி இடது பக்கம் ரெண்டாவது கதவு என்றார். காலையிலிருந்து இது பதினெட்டாவது தடவை. நேரே போயி இடது பக்கம் ரெண்டாவது கதவு. குற்றாலிங்கத்தின் உதடு அதைச் சத்தமில்லாமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. சொல்லிப் பார்த்ததை உணர்ந்ததும் திடுக்கென்றது. இதுதான், இந்தப் புத்திதான்.

ஏனென்றால் டெப்போவில் ஓய்வறைக் கதவின் உட்புறம் சுண்ணாம்புக் கட்டியால் எட்டு வரி எழுதியிருக்கும். யார் எழுதினார்கள் என்று தெரியாது, அழிய அழிய யாராவது மேலேயே எழுதிவிடுவார்கள். கண் பரிசோதனைப் பலகையில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்துகள், தமிழில். ஈ. எஃப், பி. டி, ஓ, இசட். எல், பி, ஈ, டி. முதல் வரியில் ஓர் எழுத்து, இரண்டாம் வரியில் இரண்டு, மூன்றில் மூன்று என்று அடி தோறும் எழுத்து கூடிக்கொண்டே போகும், எட்டாவது வரியில் எட்டு. யாப்பு தெரிந்த எவனோ ஒருவன் வேலை மெனக்கெட்டு உட்கார்ந்து கட்டிய மாதிரி இருக்கும், தளை தட்டாது. தமிழில் எழுதியதில் இரண்டு வேறு எழுத்துகளுக்கு ஒரே டி வந்து விழுந்ததுதான் குறை, அதனால் என்ன, காதில் கேட்கிற டாக்டருக்கு வித்தியாசம் தெரியவா போகிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே எல்லோரும் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். இதை யாரும் ஏமாற்று என்று நினைத்ததில்லை. பரிசோதனை என்று ஒன்று வைத்தால் படித்துவிட்டுத்தானே போக வேண்டும், படிக்காமல் போய் உட்காருகிறவன் அல்லவா அயோக்கியன். மற்றவர்கள் ஐந்தாம் வரியோடு, கெட்டிக்காரர்கள் ஆறாம் வரியோடு நிறுத்திக்கொள்வார்கள், தேறுவதற்கு அது போதும். குற்றாலிங்கம் எட்டும் சொல்வார். நிறுத்தாமல், மூச்சு வாங்காமல், கடைசி எழுத்தில் லேசாக ஒரு இழுப்போடு. எட்டு வரி அண்ணாச்சி என்றுதான் இளைய டிரைவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். பரிசோதிக்கிற டாக்டர் ஒருமுறை எழுந்து நின்று கை கொடுத்தார். அப்போது கண்ணும் உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது; பார்த்தே படித்திருக்கலாம், ஆனால் மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றை யாராவது பார்த்துப் படிப்பார்களா? அப்புறம் கண் எப்போது தேயத் தொடங்கியது, போன வருஷப் பரிசோதனையிலா, அதற்கு முந்தின வருஷத்திலா, அவர் பலகையைப் பார்த்திருந்தால் அல்லவா தெரிந்திருக்கும். இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும் மனசு ஒரு குழியில் டயர் இறங்கின மாதிரி சுற்றும். ஜங்ஷனில் எடுத்தால் சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், பாபநாசம். திரும்பி அதே வழி. ஒரு நாளைக்கு எத்தனை தலைகள். கல்லிடைக்குறிச்சி நிறுத்தத்தில் பச்சை ரிப்பன் கட்டிய பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறுவார்கள், ரிவர்ஸ் கண்ணாடியில் பச்சை பச்சையாகத் தெரியும். ஒரு நாள் ரிப்பன் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ரிப்பனை நிறுத்திவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். எவ்வளவு சுலபமாக நினைத்துக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவர்கள் எல்லோரும் இப்போது வேறு ஒருவர் ஓட்டுகிற வண்டியில் பத்திரமாகப் போய்க்கொண்டிருப்பார்கள் என்று அந்தக் குழியிலிருந்து அவர் ஒவ்வொரு தடவையும் இதே கல்லை முட்டுக் கொடுத்துத்தான் வெளியே வருவார்.

பெஞ்சின் மறுகோடியில் ஒரு கணக்கு வாத்தியார் உட்கார்ந்திருந்தார், பெயர் செல்வநாயகம், பெயர் தெரிந்ததே உலகம்மாள் சொல்லித்தான். தொண்டையில் அறுவை செய்து குரல் போய்விட்டது. கையில் சின்ன சிலேட்டு வைத்திருந்தார், பேச வேண்டியதையெல்லாம் அதில் எழுதி நீட்டுவார். குரல் இல்லாதவர் எழுதி நீட்ட, கண் இல்லாதவர் தலையாட்ட, நடுவில் உலகம்மாள் உட்கார்ந்து வாசித்துச் சொன்னாள். வாத்தியாருக்கும் இதே வழக்குதான், பாடம் நடத்த முடியாது என்று எழுதி வாங்கினால் அலுவலகத்தில் ஒரு நாற்காலி. சார்வாள் கேக்காவ, உங்களுக்குப் பிரிவு இருபதா என்றாள் உலகம்மாள். குற்றாலிங்கம் சிலேட்டின் திசையில் ஆமாம் என்று தலையை ஆட்டினார். பிரிவு இருபது. அதை அவர் வாழ்க்கையில் கொண்டுவந்தவர் தொழிற்சங்கத்து ஞானதிரவியம். கடைசியாக வண்டி ஓட்டிய அன்றைக்கு வீரவநல்லூரில், வாழைத்தார் ஏற்றின ஒரு தள்ளுவண்டி முழுசாக, தார், சக்கரம், தள்ளுகிற ஆள் எல்லாம் சேர்த்து அவர் கண்ணுக்கு நடுவிலிருந்த கறைக்குள் போய் ஒளிந்துகொண்டது. கண்டக்டர் ஆவுடையப்பனின் விசில் காதைக் கிழித்தது, கால் தானாக மிதித்தது, வண்டி நாலு விரல் இடைவெளியில் நின்றது. ஓரமாக வாழை இலையின் நுனி ஆடிக்கொண்டிருந்ததை மட்டும் பார்த்தார். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கி, வண்டி ரிப்பேர், எல்லாரும் பின்னாடி வாரதுல ஏறிக்கிடுங்க என்று சொன்னார். வண்டிக்கு ஒரு கேடும் இல்லை. எனக்குக் கண் தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். அந்தச் சாவியை டெப்போவில் மேசைமேல் வைத்த நாளிலிருந்து விடுப்பு. இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்து, சம்பளமில்லாத விடுப்பாகி நாலு மாசம். கிளை மேலாளர் நல்ல மனிதர் மாதிரியே பேசினார். பேசாம விருப்ப ஓய்வுன்னு எழுதிக் குடுத்திருங்க, கௌரவமாப் போயிரலாம் என்றார். கௌரவம் என்ற சொல்லைக் கேட்டால் குற்றாலிங்கத்துக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். பேனாவை வாங்கினார். ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய இடம் சரியாக அந்தக் கறைக்குள் விழுந்தது. மேலாளர் உதவியாக விரலை வைத்து இங்கே என்று காட்டினார். குற்றாலிங்கம் நம்பிக்கையோடு மேலாளரின் கட்டைவிரல் நகத்தின்மேல் கு என்று எழுதினார். மேலாளர் விரலைத் துடைத்துக்கொண்டு வேறு தாள் தேடிய நேரத்தில்தான் ஞானதிரவியம் உள்ளே வந்தார், மேசையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், இவரை வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கையெழுத்து மட்டும் போட்டுராதிய அண்ணாச்சி. போட்டுட்டா நீங்களாப் போனதா ஆயிரும். வேலையில இருக்கும்போது உடம்புக்கு முடியாமப் போனா உங்களை அனுப்ப முடியாது. பதவியையும் இறக்க முடியாது. அதே சம்பளத்துல வேற வேலை குடுக்கணும்."

வேற வேலை இல்லன்னு சொன்னா, என்று இவர் கேட்டார்.

"உண்டாக்கணும் அண்ணாச்சி. இல்லாத வேலையை உங்களுக்குன்னு உண்டாக்கி, ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதுல வைக்கணும். மாற்றுத்திறனாளிகள் சட்டம், பிரிவு இருபது. நீங்க ஒண்ணே ஒண்ணு செய்யணும், உங்களால ஓட்ட முடியாதுன்னு மெடிக்கல் போர்டுல எழுதி வாங்கணும்."

இல்லாத வேலை. அந்த வார்த்தையை அவர் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டே வந்தார். அரசாங்கம் தனக்காக, பொன்னையா மகன் குற்றாலிங்கத்துக்காக, உலகத்தில் இதுவரை இல்லாத ஒரு நாற்காலியை உண்டாக்கி, அதற்கு ஒரு பெயர் வைத்து, ஒரு கோப்பு போட்டு, அவர் எழுந்து போனதும் அந்த நாற்காலியையும் இல்லாமல் ஆக்கிவிடும். ராஜாக்கள்கூட ஏற்கெனவே இருந்த சிம்மாசனத்தில்தான் போய் உட்கார்ந்தார்கள். ஞானதிரவியம் இதற்கு மேலேயும் ஒன்று சொல்லியிருந்தார், பஸ் ஸ்டாண்டு மைக்குக்கு ஆள் இல்லாம கிடக்கு, எந்த வண்டி எந்த ஊருன்னு சொல்லணும், உங்களுக்கு ஊர் வரிசை எல்லாம் தலைகீழாத் தெரியுமே என்று. அதை நினைத்தால் சுகமாக இருந்தது. நினைக்கக் கூடாது, இன்னும் தாள் கைக்கு வரவில்லை. போன மாதம் முதுகுவலி என்று ஒருவன் இதே அறைக்குள் குனிந்தபடி போய், தாளோடு குனிந்தபடி வந்து, கேட்டுக்கு வெளியே அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தபோது டாக்டர் காருக்குள்ளிருந்து பார்த்துவிட்டாராம். வருவேல்தான் காலையில் சொன்னார், அதிலிருந்து இவிய ஒருத்தரையும் நம்புகதில்லை, எல்லாரும் நடிக்கான்னுதான் நினைக்காவ என்று சர்வசாதாரணமாக. அப்படிப்பட்ட இடத்தில் போய் எட்டு வரியையும் கடகடவென்று ஒப்பித்தால் என்ன ஆகும்? கண் நன்றாக இருக்கிறது, ஆள் சுகவாசி, வேலைக்குத் தகுதி உண்டு. முடிந்தது. நாளைக்குக் காலை ஜங்ஷன், முதல் நடை, பாபநாசம்.

இங்கேருங்க, என்றாள் உலகம்மாள், அவர் தொடை ஆடுவதைப் பார்த்து. தெரிஞ்சதைத் தெரியுதுன்னு சொல்லுங்க, தெரியாததைத் தெரியலைன்னு சொல்லுங்க, இதுல என்னத்துக்கு இம்புட்டு யோசனை. அவளுக்கு என்ன, சொல்லிவிட்டாள். தெரியலை என்ற சொல்லை அவர் கடைசியாக எப்போது சொன்னார் என்று தேடிப் பார்த்தார், அகப்படவில்லை. பள்ளிக்கூடத்தில்கூடச் சொன்னதில்லை, தெரியாத கேள்விக்குத் தெரிந்த வேறு ஒரு பதிலைச் சொல்வார். டிரைவர் வேலைக்கு வந்த பிறகோ அது ஒரு கொள்கையாகவே ஆகிவிட்டது. காக்கிச் சட்டை போட்டவனிடம் வந்து வழி கேட்கிறார்கள், தெரியாது என்றால் சட்டைக்கு அல்லவா அவமானம். ஒருமுறை கல்யாணத்துக்குப் போகிற ஒரு வேன் கூட்டம் ஒரு ஊரின் பெயரைச் சொல்லி வழி கேட்டது. அப்படி ஒரு ஊரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் நேரே போய், வாய்க்கால் பாலம் தாண்டி, சோத்தாங்கைப் பக்கம் என்று அவ்வளவு விவரமாகச் சொன்னார். அந்த வேன் எங்கே போய்ச் சேர்ந்ததோ. அங்கேயும் ஏதோ ஒரு கல்யாணம் நடந்துகொண்டிருந்திருக்கும், முகூர்த்த நாள்தானே, சாப்பிட்டிருப்பார்கள் என்று இன்றுவரை நம்புகிறார். உலகம்மாளுக்கு இது தெரியும். அவர் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நிலா எதுக்குப்பா கூடவே வருது என்று கேட்டதற்கு, அதுக்கும் டைமிங் இருக்கு, நம்ம வண்டி டைமிங்கும் அதுவும் ஒண்ணு என்று சொன்ன மனிதர். சிலேட்டில் கீச்சென்று சத்தம் கேட்டது. சார்வாள் எழுதியிருக்காவ, பயப்படாதீங்க, உண்மையைச் சொன்னாப் போதும்னு என்றாள். எழுதுகிறவருக்கு அதிலெல்லாம் ஒரு கஷ்டமும் இல்லை. சொல்கிறவருக்குத்தான். மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். முதல் எழுத்து பெரிதாக இருக்கும், அது ஓரளவு தெரியும், அதைச் சொல்லலாம். அப்புறம் நிறுத்த வேண்டும். ஈ. நிறுத்து. ஈ. நிறுத்து. ஈ, எஃப் பி, டி ஓ இசட், எல் பி ஈ டி, அய்யோ, இறக்கத்தில் நியூட்ரலில் விட்ட வண்டி மாதிரி போகிறதே. பத்துத் தடவை முயன்றதில் பத்துத் தடவையும் பாபநாசம் போய்ச் சேர்ந்துதான் நின்றது. குற்றாலிங்கம், என்று வருவேல் கூப்பிட்டார்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று வெள்ளை மேற்சட்டைகள், கழுத்துக்கு மேலே கறை. நடுவில் இருந்தது பெண் குரல், கண் டாக்டர். உலகம்மாள் கோப்பை மேசையில் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அவரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொன்னார்கள். சுவர் வெள்ளையாக இருந்தது, அதில் ஒரு பலகை இருக்கிறது என்பது அதன் நாலு மூலைகளிலிருந்து தெரிந்தது. நடுவில் என்ன இருக்கிறது என்பது வழக்கம்போல அந்தக் கறைக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். ஐயா, எதிர்ல தெரியறதை மேலேருந்து வாசிங்க, என்றது குரல். வாசிங்க என்ற அந்த ஒரு சொல் போதும். அவர் உண்மையாகவே நிறுத்தப் பார்த்தார், பின்னால் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்வார். ஈ என்றார், நிறுத்த நினைத்தார், நினைத்துக்கொண்டிருக்கும்போதே எஃப் பி போய்விட்டது, டி ஓ இசட் போய்விட்டது, நாலாம் வரியில் முதுகு நிமிர்ந்தது, ஐந்தில் குரல் கனிந்தது, ஆறு, ஏழு என்று ஒரு நிறுத்தத்திலும் நிற்காத எக்ஸ்பிரஸாகப் போய், எட்டாவது வரியின் கடைசி எழுத்தில் அந்த லேசான இழுப்பையும் விடாமல் போட்டு முடித்தார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவர் இருமினார். போச்சு, என்று குற்றாலிங்கம் நினைத்தார், பச்சை ரிப்பன்கள் ஞாபகம் வந்தன, வாழை இலையின் நுனி ஆடியது.

"எட்டு வரி வாசிச்சிருக்கீங்க," என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டரம்மா." அழிந்துபோன அந்த நிமிஷத்திலும் குரலில் ஒரு துளி பெருமை ஒட்டியிருந்ததை அவரே கவனித்தார்.

"அந்தப் போர்டுல ஆறு வரிதான் இருக்கு."

அவருக்கு விளங்கவில்லை. கதவோரத்திலிருந்து உலகம்மாளின் குரல் வந்தது, சிரிப்பை அடக்குகிறாளா அழுகையை அடக்குகிறாளா என்று பிரிக்க முடியாத குரல்.

"இங்கேருங்க. அது தமிழ் எழுத்து. மேல பெரிசா ஒரு ட இருக்கு. இங்கிலீஷே இல்லை."

மேசையின் ஒரு பக்கத்தில் வயசான டாக்டர் ஒருவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். கண் டாக்டர் சிரிக்கவில்லை. எத்தனை வருஷமா மனப்பாடம் என்று கேட்டார். குற்றாலிங்கம் எல்லாவற்றையும் சொன்னார், ஓய்வறைக் கதவு, சுண்ணாம்புக் கட்டி, எட்டு வரி அண்ணாச்சி என்ற பட்டம்வரை. சொல்ல வேண்டாததையும் சேர்த்துச் சொன்னார், கண்ணு நல்லா இருந்த காலத்துலயே பாத்துப் படிச்சதில்லை டாக்டரம்மா, டெஸ்டுன்னா படிச்சிட்டுத்தானே வரணும் என்றார். அப்படீன்னா உங்க கண்ணு எப்பப் போச்சுன்னு உங்க டாக்டருக்கும் தெரியலை, உங்களுக்கும் தெரியலை, என்று டாக்டர் மெதுவாகச் சொன்னார், திட்டுகிற மாதிரி இல்லை, ஒரு கணக்கை முடித்துக் கீழே கோடு போடுகிற மாதிரி. உங்க டெப்போவுக்கு ஒரு கடிதம் எழுதறேன், அந்தக் கதவைப் பத்தி. கதவைப் பற்றி எழுதட்டும் என்று குற்றாலிங்கம் நினைத்தார், இருபத்து நான்கு வருஷத்தில் யாராவது எழுதியிருக்க வேண்டும், தானே எழுதியிருக்க வேண்டும். நினைத்ததும் அந்தக் குழி வந்தது, ஆனால் இந்தத் தடவை வண்டி அதில் இறங்கிச் சுற்றாமல் கொஞ்சம் குலுங்கி ஏறிவிட்டது.

"இப்ப மனப்பாடம் வேண்டாம். அந்தப் போர்டுல என்ன தெரியுது உங்களுக்கு?"

அவர் பார்த்தார். நேராகப் பார்த்தார், காதைப் பார்க்கவில்லை, ஓரத்தைப் பார்க்கவில்லை. வெளிச்சமான ஒன்றின் நடுவில் சாம்பல் நிறத்தில், அவசரமில்லாமல் லேசாக நெளிகிற ஒன்று. அதற்குள் ஒரு ட இருக்கிறதாம். வாயில் ட வந்து நின்றது, இப்போதுதான் உலகம்மாள் சொன்னாள், சொல்லிவிடலாம். உதட்டை மூடிக்கொண்டார். ஒரு ஊரின் பெயர் கேட்டு நின்ற வேன் ஞாபகம் வந்தது.

"தெரியலை," என்றார்.

சொன்ன பிறகு ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தார், சட்டைக்கு அவமானம், கூரை இறங்குதல், இப்படி ஏதாவது. ஒன்றும் நடக்கவில்லை. செருப்பு கழற்றிவிட்டு ஈரத் தரையில் கால் வைத்த மாதிரி இருந்தது. டாக்டர் எழுதுகிற சத்தம் கேட்டது. எழுதிக்கொண்டே, உங்க கண் படத்தை நீங்க உக்காரும்போதே பாத்தாச்சு, நீங்க எட்டு வரி இல்ல எண்பது வரி சொன்னாலும் அது ஒத்துக்காது என்றார். மூன்றரை மணி நேரம் பெஞ்சில் தான் பட்ட பாட்டுக்கு ஒரு அவசியமும் இருக்கவில்லை என்பது குற்றாலிங்கத்துக்கு மெதுவாக உறைத்தது. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பேருந்து ஓட்டத் தகுதியில்லை, கூர்ந்த பார்வை தேவைப்படாத மாற்றுப் பணிக்குத் தகுதி உண்டு, என்று டாக்டர் தான் எழுதியதை வாசித்துக் காட்டினார். மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். தகுதியில்லை என்ற தாளை வாங்க வந்தவருக்குத் தகுதியும் அதே வாக்கியத்தில் கிடைத்துவிட்டது. அலுவலகத்துக்குத் தபாலில் போகும், பதினஞ்சு நாள் ஆகும், நகல் உங்களுக்கும் வரும், என்றார்கள். தபாலுக்குக் கால் முளைக்கவில்லையென்றால் ஞானதிரவியம் போய் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வருவார், அந்தக் கவலை இல்லை.

வெளியே வந்ததும் செல்வநாயகம் வாத்தியார் சிலேட்டைத் தூக்கிக் காட்டினார். என்ன ஆச்சுன்னு கேக்காவ, என்றாள் உலகம்மாள். தெரியலைன்னு சொன்னேன், சரியாப் போச்சு, என்று இவர் பதில் சொன்னார். வாத்தியார் அதற்குச் சிலேட்டில் ஏதோ போட்டார். நூத்துக்கு நூறு போட்டிருக்காவ, என்று உலகம்மாள் சிரித்தாள். அவள் காதைப் பார்த்தார், ஓரத்தில் சிரிப்பு வந்து நின்றது, மச்சமும் இருந்தது. நீங்களா சொன்னிய, தெரியலைன்னு, என் காதாலயே கேட்டேன், இல்லன்னா நம்பியிருக்கவே மாட்டேன், என்றாள். ஆஸ்பத்திரி கேன்டீனில் ஆளுக்கு ஒரு வடை சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. நடைபாதையில் வெயில் ஒரு பக்கமாக விழுந்திருந்தது, அவர் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தார். சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று உதடு தானாகச் சொல்லிப் பார்த்தது, மைக்கில் எப்படிக் கேட்கும் என்று. கடைசி ஊரில் லேசாக இழுக்க வேண்டும், பா...பநாசம், பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது. எதிரே ஒரு பெண் வேகமாக வந்தாள், கையில் சீட்டு, பின்னால் கட்டுப் போட்ட ஒரு ஆள். அவர் காக்கிச் சட்டைதான் போட்டிருந்தார், பழக்கம்.

"அண்ணாச்சி, எக்ஸ்ரே எங்க எடுக்காவ?"

நேரே போயி இடது பக்கம் ரெண்டாவது கதவு. வாய் திறந்துவிட்டது, முதல் எழுத்து நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. குற்றாலிங்கம் நின்றார். அவள் காதைப் பார்த்தார். இருபத்து நான்கு வருஷமாக யாருக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்திருந்த ஒன்றை இன்றைக்கு ஒரே நாளில் இரண்டாவது முறையாக எடுத்து, ருசித்து, நிதானமாகச் சொன்னார்.

"தெரியலை தாயி."

அந்தப் பெண் அடுத்த ஆளைத் தேடித் திரும்பினாள். உலகம்மாள் அவளைக் கூப்பிட்டு வழியைச் சொல்லி அனுப்பிவிட்டு, இவர் முழங்கையில் ஒரு இடி இடித்தாள். காலையிலேருந்து இருபது தடவை காதுல விழுந்துச்சு, தெரியாதாக்கும், என்றாள். அவர் வடை வாசனை வருகிற திசையில், எதையும் நேராகப் பார்க்காமல், நடந்தார்.